ஆரஞ்சுப் பட்டை போட்ட ஹெலிகாப்டர்

பயப்படுவதில் நான் சின்ன வயதிலேயே நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன். பல்லி, பக்கத்து வீட்டுச் சேவல், ரேஷன் கடைக்காரர், சர்ச் மணி என்று எதற்கும் பாரபட்சம் காட்டியதில்லை. ஆனால் அவையெல்லாம் நான் தனியாகப் பட்ட பயங்கள். ஹெலிகாப்டருக்கு மட்டும் எங்கள் தெருவே பயந்தது.

ராயபுரத்தில் கடலைப் பார்த்த தெரு எங்களுடையது. தலைக்கு மேல் விமானம் போனால் பிள்ளைகள் எல்லோரும் டாட்டா காட்டுவோம். ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்து கடலுக்கு மேல் வடக்கே திரும்பினால் யாரும் கையைத் தூக்க மாட்டோம். ஏதோ ஒரு படகு கரை திரும்பவில்லை, அதைத் தேடப் போகிறார்கள் என்று அர்த்தம். பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு, கடல் அரிப்புக்காகக் கொட்டிவைத்த பாறாங்கற்கள் மேல் போய் நிற்பார்கள். யாருடைய படகு என்று வாய்விட்டுக் கேட்கக் கூடாது. கேட்டவள் வீட்டுக்கே அந்தச் சேதி வந்துவிடுமாம். அம்மா இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பு.

அப்படிப்பட்ட தெருவுக்குள் என் மாமா ஒருநாள் ஒரு ஹெலிகாப்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மீன்பிடித் துறைமுகத்தில் படகு என்ஜின் பழுது பார்க்கிறவர். கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டு மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் இருந்தார். புளியந்தோப்பில் ஒரு பழைய சாமான் கடையில், உடைந்த வாஷிங் மெஷின்களுக்கு நடுவில் அது கிடந்ததாம். வெள்ளை ஃபைபரில் செய்த வெறும் கூடு. ஏறக்குறைய என் உயரத்துக்கு நீளம். கதவு, ஜன்னல், கைப்பிடி, தகட்டைப் பிடித்திருக்கும் ஆணித்தலைகள் வரை நிஜ ஹெலிகாப்டரில் இருப்பதெல்லாம் அதில் இருந்தன. உள்ளே மட்டும் ஒன்றுமே இல்லை.

அம்மா வாசலிலேயே மறித்தாள். "இன்னாடா இது? சாவு சேதி சொல்ற வண்டிய தூக்கினு வந்து நிக்கிற?"

"யக்கா, இது பொம்மக்கா. உள்ள காலி. பாரு." மாமா அதன் வயிற்றில் தட்டிக் காட்டினார். "என்ஜினு மாட்டி ரிமோட்ல பறக்க வுடப் போறேன்."

எங்கள் நைனா, அதாவது அப்பா, அன்று கரையில் இருந்தார். அவர் சிரித்துவிட்டார். அதனால் ஹெலிகாப்டர் மாடிக்குப் போயிற்று. என் நிம்மதி அன்றோடு போயிற்று.

எனக்கு அப்போது ஒன்பது வயது. என் கணக்கு ரொம்ப எளிமையானது. யாராவது காணாமல் போனால்தான் ஹெலிகாப்டர் வரும். இப்போது அது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. அப்படியானால் காணாமல் போகப்போவது யார்? எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறவர் நைனா ஒருவர்தான். விசைப்படகில் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். இதை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை, சொன்னால் பலித்துவிடுமே. உள்ளே காலியாக இருக்கும்வரை ஆபத்தில்லை என்று நானே எனக்கு ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஆகவே மாமா அதன் உள்ளே வைக்க ஒன்றைத் தேடி அலைந்தபோது, அது கிடைக்கவே கூடாது என்று நான் எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொண்டேன். அவர் தேடியது என்ஜின், பல்சக்கரம், இறக்கை சுற்றும் தண்டு, வால் விசிறி எல்லாம் ஒரே சட்டத்தில் பூட்டிய ஒன்று. அதற்கு 'மெக்கானிக்ஸ்' என்று பெயர். எந்தக் கூட்டுக்குள்ளும் எந்த மெக்கானிக்ஸையும் வைத்துவிட முடியாது. சட்டத்தின் அகலம் கூட்டின் வயிற்றுக்குள் அடங்க வேண்டும். தண்டு கூரையில் உள்ள ஓட்டைக்கு நேராக, சரியான உயரத்துக்கு வெளியே வர வேண்டும். வாலின் நீளமும் ஒத்துப்போக வேண்டும். மாமா ஒரு நூலில் முடிச்சுகள் போட்டு, அந்த அளவுகளைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். தெருவில் பையன்கள், "இன்னா மாமு, ஜோடி செட் ஆச்சா?" என்று கேட்டால், "இன்னும் இல்லடா, பொருத்தம் பாத்துனுகீறேன்" என்பார். பெண் பார்க்கப் போனால்கூட இவன் இவ்வளவு அலைய மாட்டான் என்று அம்மா முணுமுணுப்பாள்.

முதலில் கொண்டுவந்தது அகலம் அதிகம். கூட்டுக்குள் நுழையவே இல்லை. அன்று ராத்திரி நான் ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். இரண்டாவதாக வந்தது சுலபமாக நுழைந்தது, ஆனால் தண்டு கட்டை. கூரைக்கு உள்ளேயே நின்றுவிட்டது. மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

மூன்றாவது யானைக்கவுனியிலிருந்து வந்தது. அங்கே ஒரு நகைக்கடைக்காரர் மகன் மொட்டைமாடியில் பறக்கவிட்டு, தண்ணீர்த் தொட்டியில் மோதி, வெறுத்துப்போய் ரிமோட்டோடு சேர்த்து விற்றுத் தள்ளிவிட்டானாம். வளைந்த தண்டை மாமா தான் வேலை செய்த பட்டறையிலேயே நிமிர்த்தினார். கூட்டின் வயிற்றில் கொஞ்சம் அரத்தால் தேய்த்தார். பிறகு சட்டத்தை உள்ளே இறக்கினார். தண்டு ஓட்டை வழியே அலுங்காமல் வெளியே எட்டிப் பார்த்தது.

"பாப்பா! பொருந்திச்சு பாரு!" என்று மாமா கத்தினார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து எனக்கு ஐந்து ரூபாய் கொடுத்தார்.

அதன் பிறகு கூட்டைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் மெக்கானிக்ஸை மட்டும் காலி மைதானத்தில் பறக்கவிட்டுப் பழகினார். அது கவிழாமல் இருக்க அடியில் பிளாஸ்டிக் குழாய்களைக் குறுக்கே கட்டியிருந்தார். கெமிக்கல் கடையில் வாங்கிய ஸ்பிரிட்டில் விளக்கெண்ணெய் கலந்ததுதான் அதற்குப் பெட்ரோல். புகை விட்டால் மைதானம் முழுக்க விளக்கெண்ணெய் நாற்றம் அடிக்கும். இறக்கை சுற்றும்போது கிட்டே போனால் விரல் இருக்காது, தலைகூட இருக்காது என்று மாமா சொல்லிவைத்திருந்தார். பையன்கள் அதைக் கேட்டு ஓரடி முன்னால் போனார்கள். நான் மைதானத்தின் மறு கோடிக்குப் போனேன்.

ஆறேழு மாதத்தில் கை பழகிவிட்டது. மாமா கூட்டை மாட்டி, வெள்ளைக்கு நடுவில் ஆரஞ்சு நிறத்தில் அகலமாக ஒரு பட்டை அடித்தார். தேட வரும் ஹெலிகாப்டருக்கு இருக்கும் அதே பட்டை. அதைப் பார்த்த அன்று அம்மா மாமாவுக்குச் சோறு போடவில்லை. அந்த வாரத்தில்தான் நைனா கடலுக்குப் போனார்.

பத்து நாள் ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. கூடப் போன படகுகள் வந்துவிட்டன. அம்மா ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வீட்டில் மிக்ஸி சத்தம்கூட இல்லை. பன்னிரண்டாம் நாள் காலையில் மாமா படகு ஓனரைப் பார்க்கப் போனார். திரும்பி வந்து, "இன்னும் ஒரு நாள் பாக்கலாம்ன்றான். எங்கனா என்ஜினு மக்கர் பண்ணினுகீதாம்" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு விறுவிறுவென்று மாடிக்குப் போய் ஹெலிகாப்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். "வா பாப்பா" என்றார். அவர் முகத்தைப் பார்த்து, மாட்டேன் என்று சொல்ல பயமாக இருந்தது. என்ஜினைக் கிளப்பி விடுகிற பேட்டரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

தெருவுக்குக் கொஞ்சம் வடக்கே, பாறாங்கற்களுக்குப் பின்னால் மணல் திட்டு ஒன்று இருந்தது. அங்கிருந்து அதைக் கிளப்பினார். காற்று கரையிலிருந்து அடித்ததால் சத்தத்தைக் கடல் பக்கம் அள்ளிக்கொண்டு போயிற்று. ஹெலிகாப்டர் கற்களைத் தாண்டி, அலையைத் தாண்டி, தண்ணீருக்கு மேல் போய் நின்றது. பிறகு மெதுவாக வடக்கே திரும்பியது. பேட்டரிப் பெட்டி என் கையில் இருந்தது, விளக்கெண்ணெய் என் மூக்கில் இருந்தது. அப்படியும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வெறும் வானத்தில் அளவு தெரியவில்லை. பக்கத்தில் இருக்கும் சின்ன ஹெலிகாப்டரா, தூரத்தில் இருக்கும் பெரிய ஹெலிகாப்டரா என்று யாராலும் சொல்ல முடியாது.

தெற்கே கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிர்ந்தாள். அடுத்தவளும் நிமிர்ந்தாள். கூடை ஒன்று உருண்டது. அப்புறம் எல்லோரும் எங்களை நோக்கி ஓடிவர ஆரம்பித்தார்கள். தெருவுக்குள்ளிருந்தும் ஆட்கள் வந்தார்கள். முன்னால் அம்மா. தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. யாரும் கேட்கக் கூடாததை அவள் உரக்கக் கேட்டுக்கொண்டே ஓடிவந்தாள். "எங்க வூட்டுக்காரரு படகா? அய்யோ, யாருனா சொல்லுங்களேன், எங்க வூட்டுக்காரரு படகா?"

மாமாவுக்கு இது எதுவும் தெரியாது. ஹெலிகாப்டரிலிருந்து ஒரு நொடி கண்ணை எடுத்தாலும் விழுந்துவிடும். அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "மாமா, அம்மா" என்றேன். அதற்குள் முதல் ஆட்கள் மணல் திட்டில் ஏறிவிட்டார்கள். ஹெலிகாப்டர் இறங்க வேண்டிய இடம் அதுதான், வேறு இடமெல்லாம் கல். "கிட்ட வராதீங்கோ! எட்டப் போங்கோ!" என்று மாமா அலறினார். அந்த அலறலைக் கேட்டு அவர்கள் இன்னும் கிட்டே வந்தார்கள். எல்லோரும் கடலையே பார்த்துக்கொண்டு, இறக்கை சுற்றிக்கொண்டு வரப்போகும் இடத்திலேயே நின்றார்கள். ஹெலிகாப்டரின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. எண்ணெய் தீரப்போகிறது என்று எனக்கே தெரிந்தது. யாருடைய தலை போகும் என்று ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன். அம்மாவின் தலைதான் முன்னால் இருந்தது.

மாமா ரிமோட்டில் விரலை ஒரு பக்கமாக அழுத்தினார். ஹெலிகாப்டர் சாய்ந்து கடலுக்குள் விழுந்தது.

"அய்யோ" என்று கரை முழுக்க ஒரே குரல். ஆனால் தண்ணீர் ஒரு குடம் விழுந்த அளவுக்குத்தான் தெறித்தது. எல்லோரும் அந்த இடத்தையே பார்த்தார்கள். பிறகு மாமா கையில் இருந்த ரிமோட்டைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார்.

அம்மா கையை ஓங்கிக்கொண்டு மாமாவிடம் வந்தாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இத்தனை மாதப் பயத்துக்கு இன்றைக்காவது யாராவது அடி வாங்குவார்கள். "எதுக்குடா இத்த செஞ்ச? எதுக்குடா அந்தக் கலரு அடிச்ச?" என்று அம்மா கேட்டாள்.

மாமா கடலைப் பார்த்தபடி சொன்னார். "நம்ம நைனாவ தேட அன்னிக்கி ஒண்ணுகூட வர்லியேக்கா."

ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அம்மா முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள், மூக்கையும் சேர்த்து, என்னைத் துடைப்பதுபோல. எனக்கு அம்மா மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

மறுநாள் மத்தியானம் எங்கள் நைனாவின் படகை இன்னொரு படகு கட்டியிழுத்துக்கொண்டு வந்தது. என்ஜின்தான் படுத்துவிட்டிருந்தது. அந்த ஹெலிகாப்டர் சனியன் கடலில் மூழ்கியதால்தான் நைனா வந்தார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அம்மாவின் நைனாவை, என் தாத்தாவை, நான் பார்த்ததில்லை. அவர் கட்டுமரத்தில் போய் வராமலே போனவர் என்பதும், அப்போது மாமாவுக்கும் ஒன்பது வயது என்பதும் ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

நைனா வந்த அன்று சாயங்காலம் வீடே கலகலப்பாக இருந்தது. மாமாவை மட்டும் காணோம் என்று அம்மா என்னை அனுப்பினாள். அவர் கல்லின் மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்த ஹெலிகாப்டரைத் தேடுகிறார் என்று நினைத்தேன். பயம் போய்விட்டதால் எனக்குத் தாராள மனசு வந்திருந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்து, "போனா போட்டும் மாமா, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்றேன்.

"வாங்கிக்கலாம் கண்ணு" என்றார் மாமா.