வடைச்சட்டி ஸ்பீக்கர்

நேற்று அயனம்பாக்கத்தில் அம்மாவின் அண்ணன், புதிதாக வாங்கிய உருண்டை ஸ்பீக்கரைக் காட்டினார். "ஃபுல்லா மெட்டல்டா. மூலையே கெடையாது, அதான் பொட்டி மாரி அதிராது" என்று எனக்கே பாடம் எடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பல வருடங்களுக்கு முன்பு, எங்கள் அம்பத்தூர் வீட்டில், வெல்டரான அப்பா இரண்டு இரும்பு வடைச்சட்டிகளை வாயோடு வாய் ஒட்டி, ஓட்டை போட்டு ஸ்பீக்கர் பொருத்தினார். அதிராமலிருக்க உள்ளே இலவம்பஞ்சைத் திணித்தார். தட்டினால் 'டொக்' என்று அடங்கும். பாட்டோடு லேசாக எண்ணெய் வாசனையும் வரும். இதே மாமாதான் அன்று தெருவே கேட்கச் சிரித்தார்: "இன்னா மச்சான், பாட்டுலயே வடை சுடப் போறியா?"

அப்பா மறுநாளே அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டார்.

நேற்று மாமாவின் உருண்டை ஸ்பீக்கரை ஓங்கித் தட்டினேன். 'ணங்' என்று வெகுநேரம் அதிர்ந்தது.

"இதுல வடைதான் சுடலாம், மாமா" என்றேன்.