ஆடாதொடை வேலி

வாசலில் குட்டையான வேலிச்செடி வைக்க வேண்டுமென்று மருமகள் செல்போனில் படம் படமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள். "அத்தை, இது ரெண்டடிக்கு மேல வளராதாம்" என்றாள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் எந்தச் செடி எவ்வளவு வளரும் என்று எனக்கு யாரும் படம் காட்ட வேண்டியதில்லை. ஒன்பது வயதிலேயே ஒரு வேலிக்குச் செடி தேர்ந்தவள் நான்.

ராஜபாளையத்தில் எங்கள் வீடும் பெரியப்பா வீடும் அடுத்தடுத்து இருந்தன. கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை வந்து, அப்பாவும் பெரியப்பாவும் முகம் பார்ப்பதில்லை. பெரியம்மா இறந்துபோயிருந்தார். ஆண்கள் இருவரும் வயலுக்குப் போனதும் பெரியப்பா மகள் எங்கள் எல்லைக்கு வந்து முதுகைக் காட்டி நிற்பாள். "சித்தி, இன்னைக்கு ரெட்டச் சடை" என்பாள். என் சடையை நாலு இழுப்பில் முடிக்கிற அம்மாவின் கை, அவள் தலையில் மட்டும் ஆற அமரக் கிடக்கும். எனக்கு வயிறு எரியும். தாய் இல்லாத பிள்ளைதான். அதற்காக என் தாயையா எடுத்துக்கொள்வது?

நடுவில் வேலி வைத்தே தீருவது என்று அப்பா செடி வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் கிளம்பினார். என்னையும் கூட்டிக்கொண்டார். அம்மா என்னைத் தனியே இழுத்து, "ஏட்டி, முட்டுக்கு மேல வளராததாக் கேளு. அம்மா சொல்லுச்சுன்னு சொல்லு" என்றாள்.

செடி விற்கிறவள் முன்னால் குட்டையாகவே நிற்கும் கனகாம்பர நாற்றும் இருந்தது, ஆடாதொடைக் குச்சிக் கட்டும் இருந்தது.

"இது எம்புட்டு உசரம் வரும்?" என்று அப்பா ஆடாதொடையைக் காட்டிக் கேட்டார்.

"விட்டா ஆளையே மறைச்சிரும்ணே. ஆடும் வாய் வைக்காது."

"ஒங்கம்மா எதைக் கேட்டா?" என்று அப்பா என் பக்கம் திரும்பினார்.

"ஆளை மறைக்கிறதைத்தான்" என்றேன்.

கட்டைப் பார்த்த அம்மா என்னையும் ஒருமுறை பார்த்தாள்.

மழைக்கு வேர் பிடித்து வேலி இடுப்புக்கு வந்தது. பெரியப்பா மகள் தலை எப்போது மறையும் என்று நான் தினமும் போய் அளந்து பார்த்தேன். ஒரு காலையில் அம்மா அரிவாளோடு போய் முழங்கால் அளவுக்கு அறுத்துப் போட்டாள்.

"வேலியை ஏன் கழிக்க?" என்றார் அப்பா.

"எலை இருமலுக்கு நல்லதுல்லா. கசாயம் போடணும்."

சொன்னதற்காகப் போட்டுத்தானே ஆகவேண்டும்? வாரம் தவறாமல் அறுப்பு, வாரம் தவறாமல் கசாயம். வேம்பு தோற்கும் கசப்பு. அப்பா, தன்மேல் பெண்டாட்டிக்கு எம்புட்டு அக்கறை என்ற பெருமையில் மடக்கு மடக்கென்று குடிப்பார்.

"எனக்குத்தான் இருமலே இல்லையே" என்று அழுதேன்.

"வரும். குடி."

பிறகு வேலிக்கு மேலாக ஒரு டம்ளர் அந்தப் பக்கம் போகும். அதில் மட்டும் கருப்பட்டி.

அவளுக்கு மட்டும் ஏன் கருப்பட்டி என்பதுதான் அன்றைக்கு எனக்கிருந்த ஒரே வழக்கு. வீட்டில் யாருக்கும் இல்லாத அந்த இருமல் என் வாயிலிருந்துதான் கிளம்பியது என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை.