ஒன்பது சொட்டு மஞ்சள் காவி

என் அக்காவுக்கு உடம்பு கெட ஆரம்பித்த ஏழு மாதமும், தினம் காலை பத்து மணிக்கு அவள் கன்னத்தைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் என் அத்தான். அவருக்குத் தெரியவில்லை. பக்கத்திலேயே நின்ற எனக்கும் தெரியவில்லை.

அத்தான் முகம் வரையும் ஓவியர். கெட்டிக்காரர்தான், ஆனால் கை சும்மா இருக்காது. ஓவியர்களுக்கு உபயோகமாக எதையாவது கண்டுபிடித்தே தீருவேன் என்று ஒரு பிடிவாதம். முதலில் நாற்காலியும் படம் தாங்கும் சட்டமும் ஒன்றாகச் சேர்ந்த மடக்குச் சாமான் ஒன்று செய்தார். மடங்கியது வாங்கினவர்தான். அடுத்து தூரிகை கழுவும் டப்பா. அது அழுக்கை விட்டுவிட்டு முடியைக் கழுவி எடுத்தது. "அத்தான் தொட்டது துலங்காது" என்று நான் சொன்னதற்கு அக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மூன்றாவது துலங்கியது. அஞ்சலட்டை அளவில் தடித்த அட்டை. முழுக்கச் சாம்பல் நிறப் பூச்சு. நடுவில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துளை. அவ்வளவுதான். அந்தத் துளை வழியாக ஒரு முகத்தைப் பார்த்தால் கண், மூக்கு, சிரிப்பு எல்லாம் போய் வெறும் நிறம் மட்டும் மிஞ்சும். அதைப் பார்த்து வண்ணம் கலக்க வேண்டியது. "யாருன்னு மறந்தாதான் மச்சான் நிறம் தெரியும். தெரிஞ்ச முகம் பொய் சொல்லும்" என்பார். முதன்முதலில் நான் அதன் வழியாக அக்காவைப் பார்த்தபோது எனக்கு என்னவோ போலிருந்தது. அக்கா அங்கே இல்லை. சதை நிறத்தில் ஒரு புள்ளி இருந்தது. அது மூச்சு விட்டது.

ஓவியச் சாமான் கடைகள் கேட்டுக் கேட்டு வாங்கின. வீட்டின் பின் அறையில் அட்டை வெட்டும் கத்தி, துளை போடும் எந்திரம், பூசிய அட்டைகளைக் கிளிப் போட்டுக் காயவைக்கக் கொடிகள். நான் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு இதில் சேர்ந்தேன். அத்தானுக்கு 'ஓட்டைக்காரர்' என்று பெயர் விழுந்தது. ஓட்டையை விற்றுப் பிழைத்த மனிதர் வேறு யார் இருக்கிறார்கள்?

சூட்சுமம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் கலந்தால் லேசாக நீலம் தட்டும். வாளிக்கு ஒரு சொட்டு மஞ்சள் காவி விட்டால் எந்த நிறத்தின் பக்கமும் சாயாமல் சமத்துக்கு வரும். சமம்தானா என்று எப்படிச் சோதிப்பது? அதற்குத்தான் அக்கா கன்னம். இருபத்தாறு வருடம் வரைந்த கன்னம். கண்ணை மூடினாலும் அந்த நிறம் தனக்குத் தெரியும் என்பார் அத்தான். பத்து மணிக்கு அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து ஜன்னலோர முக்காலியில் உட்காருவாள். அன்றைய பூச்சில் காய்ந்த முதல் அட்டையை அவள் கன்னத்துக்கு முன்னால் பிடிப்பார். மனதில் உள்ள நிறம் துளைக்குள் வந்துவிட்டால் "சரியா இருக்கு" என்பார். அதைக் கேட்காமல் அக்கா எழுந்ததில்லை.

இரண்டாம் வருடம் ஒருநாள் அத்தான் முகம் சுளித்தார். "வெள்ளை பெயிண்ட் சரியில்ல. நீலம் தட்டுது."

கன்னம் மஞ்சளாகத் தெரிந்தால் அதைச் சுற்றியுள்ள சாம்பல் நீலமாகிவிட்டது என்று பொருள். நீலத்துக்கு நடுவில் எதுவும் மஞ்சளாகத் தெரியும், மஞ்சளுக்கு நடுவில் எதுவும் நீலமாகத் தெரியும்; அது ஓவியர்களின் கணக்கு. இன்னொரு சொட்டு மஞ்சள் காவி விட்டார். கன்னம் பழையபடி ஆனது. அடுத்த மாதம் மூன்று சொட்டு. பெயிண்ட் கடைக்காரரோடு சண்டை போட்டுக் கடையை மாற்றினோம். புதுக்கடைச் சரக்குக்கு ஐந்து. "உலகத்துல எந்த வெள்ளையும் வெள்ளையா இல்ல" என்று அலுத்துக்கொண்டார். அக்கா சிரித்தாள். அந்த நாட்களில் அவள் கையைச் சொறிந்துகொண்டே இருப்பாள். தட்டில் பாதியை வைத்துவிடுவாள். பட்டப்பகலில் தூங்குவாள். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்புறம் கடிதங்கள் வந்தன. உங்கள் அட்டையை வைத்து வரைந்தால் ஆட்கள் பிணம்போல வருகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று கிழித்துப் போட்டேன். இரண்டாவதையும் கிழித்தேன். நாலாவதைக் கிழிக்கக் கை வரவில்லை. ஒருவரையொருவர் அறியாத நாலு பேர், நாலு ஊரிலிருந்து, அதே வார்த்தையை எழுதியிருந்தார்கள்.

ஐந்தாவதாக ஓர் ஓவிய ஆசிரியை நேரிலேயே வந்துவிட்டார். துணியில் சுற்றியிருந்த படத்தை மேசைமேல் பிரித்தார். ஆறு வயதுப் பெண் குழந்தை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. காதும் உதட்டோரமும் நீலம் பாய்ந்திருந்தன. யாரோ தூக்கி உட்கார வைத்துவிட்டுப் போனது போலிருந்தது.

"இவ என் அண்ணன் பேத்தி. இன்னிக்குக் காலையிலகூட என் முதுகுல ஏறி ஆடினா. இந்தப் படத்தைப் பார்த்துட்டு அவ அம்மா ஓடிப் போய், தூங்கிட்டிருந்த குழந்தைக்கு மூச்சு வருதான்னு பார்த்தா."

பிறகு பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தார். ஒன்று முதல் வருடம் எங்களிடம் வாங்கியது, மற்றது போன வாரம் வாங்கியது. இரண்டையும் ஒட்டி வைத்தார். தனியாகப் பார்த்தபோதெல்லாம் சாம்பலாகவே இருந்த எங்கள் புது அட்டை, பழையதன் பக்கத்தில் வைக்கோல் நிறத்தில் இருந்தது. அன்று காலை நாங்கள் வாளிக்கு ஒன்பது சொட்டு விட்டிருந்தோம்.

அத்தான் பழைய அட்டையை எடுத்துச் சுவரைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். எதிலும் குறையில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா காப்பியோடு உள்ளே வந்தாள். அட்டையை இறக்காமலே அவள் பக்கம் திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

நான் அதை வாங்கிப் பார்த்தேன். அப்படி ஒரு மஞ்சளை எந்த மனித உடம்பிலும் நான் பார்த்ததில்லை. இறக்கினேன், எப்போதும்போல என் அக்கா. மறுபடி தூக்கினேன்; அந்த மஞ்சள். உயிரோடு இருக்கிறவர்களைப் பிணமாகவும், போய்க்கொண்டிருந்த ஒருத்தியை மட்டும் நல்லபடியாகவும் காட்டுகிற அட்டையை ஏழு மாதமாக நாங்கள் ஆயிரக்கணக்கில் செய்து அனுப்பியிருக்கிறோம்.

"ஏங்க, இன்னிக்குச் சரியா இல்லையா?" என்றாள் அக்கா.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டர் அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றை அழுத்திப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். பித்தக் குழாயில் கட்டி. ஆறு மாதம் முன்னால் என்றால் எடுத்திருக்கலாம், இப்போது கல்லீரல் முழுக்கப் பரவிவிட்டது என்றார்.

"உடம்பெல்லாம் அரிச்சிருக்கும், பசி இருந்திருக்காது. உங்களுக்கே தெரிஞ்சிருக்குமேம்மா, ஏன் இத்தனை நாள் வரலை?" என்று டாக்டர் கேட்டார்.

"தெரிஞ்சுதுங்க. கண்ணாடியில பார்த்தா மஞ்சளாத்தான் இருந்துச்சு" என்றாள் அக்கா. "ஆனா இவர் பெரிய ஓவியர் டாக்டர். நிறத்துல இவர் கண்ணு தப்பவே தப்பாது. தினமும் என்னைப் பார்த்துட்டு, சரியா இருக்குன்னு சொல்லிடுவாரு. நான் கண்ணாடிதான் பழசாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டேன்."

அதை அவள் குறையாகச் சொல்லவில்லை. புது மனிதரிடம் புருஷனைப் பற்றிப் பெருமையடிக்கிற குரலில் சொன்னாள். குறையாகச் சொல்லியிருந்தால் அத்தான் தாங்கியிருப்பார்.