கலியாணச் சாப்பாட்டின் மேல் விழுந்த பழி

ஜெர்மனியின் ரூர் பகுதியில் ஒரு நகரத்தின் சுகாதார அலுவலகத்தில் நான் வேலை செய்கிறேன். நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சோதிப்பேன். பச்சை குத்தும் கடைகளில் பயன்படுத்திய ஊசிகளை எங்கே போடுகிறார்கள் என்று கேட்பேன். ஒரே இடத்தில் பலருக்கு நோய் வந்தால் அது எங்கிருந்து கிளம்பியது என்று தேடுவேன். ஜெர்மன் மொழியில் இந்த வேலைக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களுக்கு அது வாயில் நுழையாது. யாழ்ப்பாணத்தில் கிணறு பார்க்கவும் தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி தேடவும் சைக்கிளில் வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகரை நினைத்துக்கொண்டு என்னையும் 'பி.எச்.ஐ.' என்றுதான் சொல்வார்கள். அம்மாவுக்கு அதில் பெருமை. ஆனால் ஒரு வாரம் மட்டும் அந்தப் பெருமை அவருக்குப் பெரிய சங்கடமாகிவிட்டது.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் மருத்துவமனை ஒன்றிலிருந்து தொலைபேசி வந்தது. வாந்தியும் வயிற்றோட்டமுமாக மூன்று பேரைச் சேர்த்திருக்கிறார்கள். மூவரும் தமிழர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரே கலியாணத்துக்குப் போனவர்கள். அவர்களில் ஒருவர் எண்பது வயதைத் தாண்டிய பெண். அவருக்குச் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பெயர்களை எழுதும்போதே எந்தக் கலியாணம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் அழைப்பிதழ் அம்மா வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தது. கலியாணத்தன்று எனக்கு வேலை இருந்ததால் நான் போகவில்லை. சமைத்தவர் யார் என்பதும் தெரியும்.

சமைத்தவரை நான் சின்ன வயதிலிருந்தே அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். பல வருடங்கள் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தவர். பிறகு, மூடிக்கிடந்த ஒரு இறைச்சிக் கடையை வாடகைக்கு எடுத்து, கலியாணங்களுக்கும் பிறந்தநாள்களுக்கும் சமைத்துக் கொடுக்கத் தொடங்கினார். பக்கத்து நகரங்களான எசனிலிருந்தும் கெல்சென்கிர்ச்சனிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள்.

எங்கள் பிரிவின் தலைவி ஒரு மருத்துவர். அவரிடம் போய், இந்த ஆட்களை எனக்குத் தெரியும், சமைத்தவரையும் தெரியும், என் அம்மாவே அங்கே சாப்பிட்டிருக்கிறார், இதை வேறு யாரிடமாவது கொடுங்கள் என்றேன்.

"தமிழ் தெரிந்த வேறு யார் இருக்கிறார்கள்?" என்றார் அவர். "ஆட்களிடம் கேட்கிற வேலையை நீ செய். முடிவை நான் எடுக்கிறேன். உன் அம்மாவிடம் நான் பேசுகிறேன்."

பேசினார். பத்து நிமிடத்தில் என் மேசைக்கு வந்து படிவத்தைக் காட்டினார். எல்லாக் கேள்விக்கும் அம்மா 'அல்லஸ் கூட்' என்று ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தார். எல்லாம் நலமாம்.

"உன் அம்மா நலமாக இருக்கிற ஆள் மாதிரிப் பேசவில்லை," என்றார்.

நான் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன். அம்மாவின் குரல் நூல் மாதிரி மெலிந்திருந்தது.

"எனக்கு ஒண்டுமில்லை. நல்லாத்தான் இருக்கிறன்."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஏன் பிள்ளைக்குப் பொய் சொல்லுறீர்? நேற்று முழுக்கச் சத்தி. வயித்தாலையும் போனது."

அம்மா அவர் பக்கம் திரும்பிக் கிசுகிசுத்தார். "மெல்லக் கதையுங்கோ! இவளுக்குத் தெரிஞ்சா அந்த அக்காவின்ரை கடையைப் பூட்டிப்போடுவாள்."

"அப்பா, உங்களுக்கு எப்பிடி இருக்கு?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன? முழங்கால் நோவோடை நான் கலியாணத்துக்குப் போகேல்லை. அம்மா அங்கையிருந்து கட்டிக்கொண்டு வந்த ரெண்டு சோத்துப் பாசலையும் நான்தான் சாப்பிட்டனான். கத்தரிக்காய்க் கறி நல்லா இருந்தது."

அதையும் எழுதி வைத்தேன். அதன் பெறுமதி அப்போது எனக்குப் புரியவில்லை. அம்மாவின் பொய்யை நினைத்துக் கோபம்தான் வந்தது.

மதியத்துக்குப் பிறகு, உணவுக் கண்காணிப்புப் பிரிவிலிருந்து வந்த ஒருவரோடு அன்ரியின் கடைக்குப் போனேன். அலுவலகத்தில் அவரை உணவுக்காரர் என்போம்; ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். காரிலேயே தன் சந்தேகத்தைச் சொல்லிவிட்டார்: சோறு. சமைத்து மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக வைத்த சோற்றில் கிருமி பெருகும். அவர் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாராம்.

கதவைத் திறந்த அன்ரி, "வா பிள்ளை," என்றார். பிறகு என் கழுத்தில் தொங்கிய அட்டையையும் பக்கத்தில் நின்றவரையும் பார்த்தார். "வாங்கோ," என்றார். அந்தத் திடீர் மரியாதை எனக்குச் சுருக்கென்று தைத்தது.

உள்ளே பழைய இறைச்சிக் கடையின் வெள்ளை ஓடுகள் கூரை வரை பளிச்சென்று இருந்தன. உணவுக்காரர் வெப்பமானியோடு ஒவ்வொரு குளிர்பெட்டியாகப் போனார். வடிகாலைத் தூக்கிப் பார்த்தார். வெட்டும் பலகைகளைத் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

அன்ரி உறைபெட்டியைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்ன டப்பாக்கள் வரிசையாக இருந்தன. சோறு, பருப்பு, கத்தரிக்காய், உருளைக்கிழங்குப் பிரட்டல், வடை, பாயாசம். ஒவ்வொன்றிலும் திகதி, எடுத்த நேரம், அப்போதிருந்த சூடு எல்லாம் ஜெர்மனில் எழுதி ஒட்டியிருந்தது.

"ஒவ்வொரு சமையலிலையும் கொஞ்சம் எடுத்து வைக்கிறது, முதியோர் இல்லத்திலை பழகினது," என்றார் என்னைப் பார்த்து. "எங்கடை சனம் சிரிக்குங்கள், அக்கா சோத்தைச் சேமிப்பிலை போடுறா எண்டு."

உணவுக்காரர் ஒரு டப்பாவை எடுத்து அதில் எழுதியிருந்ததைப் படித்தார். பெரிய உணவகங்களில்கூட இப்படி இருப்பது அபூர்வம் என்று மெதுவாகச் சொன்னார். ஆனாலும் விதி விதிதான். ஆய்வுகூட முடிவு வரும்வரை அவர் யாருக்கும் சமைக்கக் கூடாது. அதை அன்ரிக்குத் தமிழில் சொல்லவேண்டியவள் நான்.

"ஓம்," என்றார் அன்ரி. ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். "நான் குடுத்த சாப்பாட்டிலை, ஆசுப்பத்திரியிலை கிடக்கிற அந்தக் கிழவிக்கு ஏதும் நடந்தா, நான் பிறகு என்னெண்டு சமைக்கிறது?"

டப்பாக்களை, நாங்கள் கொண்டுவந்த கைக் குளிர்பெட்டியில் அடுக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாளே வட்ஸ்அப்பில் கதை பரவிவிட்டது. அக்காவின் சோற்றில் நஞ்சு என்றது ஒரு குரல்பதிவு. அடுத்த மாதம் மகள்மாரின் பூப்புநீராட்டுச் சமையலுக்கு அவரிடம் சொல்லியிருந்த இரண்டு சாமத்திய வீட்டுக்காரர்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். கதை பரப்பிய அதே ஆட்கள் நான் தொலைபேசியில் கேட்டபோது, எங்களுக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறோம் என்றார்கள். தங்களுக்குள் பழி சொல்லலாம், அலுவலகத்துக்குச் சொல்லக் கூடாது.

"எங்கடை ஆளை நாங்களே காட்டிக்குடுக்கிறதோ?" என்று ஒருவர் நேரடியாகவே கேட்டார்.

"அண்ணை, கடை இப்பவே பூட்டித்தான் கிடக்கு," என்றேன். "நீங்கள் உண்மை சொன்னாத்தான் திறக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுக்க ஏலும்."

பிறகு அவர் சொல்லத் தொடங்கினார். மனைவிக்கு, மகளுக்கு, தனக்கு என்று நோய் வந்த நேரம் முதற்கொண்டு சொன்னார். அவரே மற்றவர்களுக்கும் சொல்லியிருக்க வேண்டும். வியாழன் மதியத்துக்குள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களோடு பேசிவிட்டேன். மலப் பரிசோதனைக்கும் பலர் சம்மதித்தார்கள். 'ஐயோ பிள்ளை, அதை என்னெண்டு கையிலை தாறது?' என்று வெட்கப்பட்ட ஒரு மாமி, குப்பியை மூன்று பைக்குள் போட்டு, மேலே பரிசுத்தாளும் சுற்றிக் கொண்டுவந்து தந்தார்.

திருப்பம் மாப்பிள்ளையின் பெரியப்பாவிடமிருந்து வந்தது. ஆசாரமானவர், வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். அவரிடம் ஒப்புக்குத்தான் கேட்டேன்.

"எனக்கும்தான் ரெண்டு நாளாச் சத்தி," என்றார்.

"நீங்கள் அங்கை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டும் இல்லை. வீட்டிலையிருந்து கொண்டுபோன தேத்தண்ணியும் வாழைப்பழமும்."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "அங்கை வேறை என்ன செய்தனீங்கள்? யோசிச்சுச் சொல்லுங்கோ."

"என்ன செய்யிறது? வேர்த்தது. முகம் கழுவினன். அங்கை தொங்கின துவாயிலை துடைச்சன்."

அப்போதுதான் அப்பாவின் இரண்டு சோற்றுப் பாசல் என் மனதில் வந்து விழுந்தது. பட்டியலை முதலிலிருந்து புரட்டினேன். கலியாணத்துக்கு வராமல், பாசல் மட்டும் வாங்கிச் சாப்பிட்டவர்கள் ஒன்பது பேர். அதே சோறு, அதே கறி. ஒருவருக்கும் நோயில்லை. சாப்பிடாமல் மண்டபத்தில் இருந்தவருக்கு நோய். அழவேண்டும் போலவும் இருந்தது, யாரையாவது கட்டிப்பிடிக்க வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் ஆய்வுகூடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

தலைவியும் நானும் மண்டபத்துக்குப் போனோம். சாப்பாட்டு அறைக்குப் பக்கத்து நடையில் கை கழுவ ஒரேயொரு தொட்டி. சவர்க்காரப் போத்தல் காலி. பக்கத்தில் ஆணியில் ஒரு துவாய், கலியாணத்துக்குப் பிறகும் மாற்றாமல். பெண் வீட்டாரிடம் கேட்டபோது மிச்சமும் வெளியே வந்தது. தாலி கட்டுவதற்கு முன் ஒரு சின்னப் பிள்ளை அந்த நடையில் வாந்தி எடுத்திருக்கிறது. யாரோ ஒரு உறவுக்காரி துடைத்துவிட்டு, அந்தத் தொட்டியில் கையை அலசி, அந்தத் துவாயில் துடைத்திருக்கிறார். பிறகு இருநூறு பேர் வரிசையில் நின்று, சவர்க்காரம் இல்லாமல் கை கழுவி, அதே துவாயில் துடைத்துப் போய் உட்கார்ந்து கையால் சாப்பிட்டிருக்கிறார்கள். அம்மாவும் அவர்களில் ஒருவர்.

வெள்ளிக்கிழமை முதல் முடிவு வந்தது. நோயாளிகளிடம் இருந்தது நோரோ வைரஸ், வாந்தியிலிருந்தும் கையிலிருந்தும் பரவுகிற கிருமி. அன்ரியிடமும் அவருக்கு உதவிய இரண்டு பெண்களிடமும் அது இல்லை. எண்பது வயதைத் தாண்டிய அந்தப் பெண்ணின் சேலைனைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அன்றே மருத்துவமனை அறிவித்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை டப்பாக்களின் முடிவும் வந்தது. எல்லாம் சுத்தம். உணவுக்காரர் என்னை அழைத்து, "சோறு குற்றமற்றது," என்றார். அவர் குரலிலும் ஒரு சந்தோஷம் இருந்தது. மண்டபத்துக்காரர் அதற்குள் துவாயை எறிந்துவிட்டு, காகிதத் துவாய்ப் பெட்டியும் இரண்டாவது தொட்டியும் வைக்க ஒப்புக்கொண்டிருந்தார்.

தடையை நீக்கும் கடிதம் தபாலில் போகும். ஆனால் அதுவரை அன்ரியைக் காத்திருக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. தலைவியிடம் கேட்டேன். "போய்ச் சொல்லிவிட்டு வா," என்றார்.

அன்ரி கடைக்குள் வெறுமனே இருந்தார். நான் நின்றபடியே சொன்னேன்.

"அன்ரி, உங்கடை சாப்பாட்டிலை ஒரு பிழையும் இல்லை. நாளையிலையிருந்து சமைக்கலாம்."

அவர் எழுந்து வந்தார். "அந்தக் கிழவி?"

"வீட்டை வந்திட்டா. கஞ்சி குடிக்கிறாவாம்."

அன்ரி இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண் நனைந்திருந்தது, வாய் சிரித்தது. மூச்சை நீளமாக விட்டார்.

அம்மா அன்று மாலையே தொலைபேசியோடு உட்கார்ந்துவிட்டார். தனக்கு நோய் வந்ததை ஒரு வாரம் மறைத்தவர், இப்போது ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "எனக்கும் வந்தது, அது சாப்பாட்டாலை இல்லை, நாங்கள் கை துடைச்ச துவாயாலை," என்று சத்தமாகச் சொன்னார். வேண்டாமென்ற இரண்டு சாமத்திய வீட்டுக்காரர்களில் ஒருவர் அன்ரியிடம் திரும்பி வந்தார். மற்றவர் வரவில்லை. அன்ரி அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அன்று நான் கடையை விட்டுக் கிளம்பும்போது அன்ரி கேட்டிருந்தார். "சாப்பிட்டிட்டுப் போவன் பிள்ளை. பத்து நிமிசத்திலை புட்டு அவிப்பன்."

"இப்ப ஏலாது அன்ரி. கோப்பு மூடும்வரைக்கும் உங்கடை கையாலை நான் ஒண்டும் வாங்கக் கூடாது."

"எப்ப மூடுவினம்?"

"வெள்ளிக்கிழமை."

"வெள்ளி மரக்கறிதான். சனிக்கிழமை வா, நண்டு வாங்கி வைக்கிறன். அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா."

சனிக்கிழமை மூவரும் போனோம்.