வயிற்றுவலிக்கு ஆள் தேவை

நான்காம் வகுப்பு படித்தபோது என்னிடம் இருந்த ஒரே திறமை வயிற்றுவலி. பாட்டு வராது, ஓட்டம் வராது, படம் வரைந்தால் பசுவும் பஸ்ஸும் ஒரே மாதிரி இருக்கும். ஆனால் வயிறு வலிக்கிறது என்று நான் சுருண்டு படுத்துவிட்டால், பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் கீழ் போர்ஷனில் இருந்தவர்கள்கூட ஓமத் தண்ணீரைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு மாடியேறி வந்துவிடுவார்கள். இந்தத் திறமைக்கு வீட்டில் மட்டும் மதிப்பில்லை. காரணம், அம்மா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயிற்றில் விரலை வைத்து இங்கே அங்கே என்று அழுத்துவாள். "நாடகம் ஆடாத. எழுந்து யூனிஃபார்ம் போடு" என்பாள். வைத்தியம் முடிந்தது. எப்போதாவது அவள் அசந்த நேரத்தில் மட்டும் என் வலி செல்லுபடியாகும்.

அந்த வருஷம் அம்மாவின் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கென்று தனி எமர்ஜென்சி வார்டு திறக்கப் போவதாகச் சொன்னார்கள். அதில் வேலை பார்க்க வேண்டுமானால் ஒரு பயிற்சியில் தேற வேண்டும். மேல்மாடியில் ஓர் அறை. அதில் கட்டில், மருந்து, ஊசி, மானிட்டர் எல்லாம் அசலாக இருக்கும். கட்டிலில் கிடக்கும் பிள்ளை மட்டும் பொம்மை. ஆனாலும் லேசுப்பட்ட பொம்மை இல்லை. அது மூச்சு விடும், அழும், கவனிக்காமல் விட்டால் உதடு நீலமாகும். ஒரு பக்கச் சுவரில் கறுப்புக் கண்ணாடி. அதற்குப் பின்னால் பெரிய டாக்டர்கள் உட்கார்ந்துகொண்டு பொம்மையின் உயிரைக் கம்ப்யூட்டரில் ஏற்றி இறக்குவார்கள். தப்புச் செய்தாலும் யாரும் சாகமாட்டார்கள், இங்கேயே செய்து கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான் ஏற்பாடு.

அம்மா முதல் தடவை போய்த் தோற்றுவிட்டு வந்தாள். கைவேலையில் ஒரு குறையும் இல்லையாம். பொம்மைக்கு நரம்பு பிடித்ததில் அவளுக்குத்தான் முதலிடம். ஆனால் அவள் பொம்மையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே நுழைந்ததும் தன் பெயரைச் சொல்ல வேண்டும், ஊசி போடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போட வேண்டும், அழுதால் சமாதானப்படுத்த வேண்டும். அம்மா சொல்லாமல் கொள்ளாமல் ஊசியைக் குத்தினாள். பொம்மை அழுததும் பழக்க தோஷத்தில், "ச்சூ, சத்தம் போடாத" என்று அதட்டியும் விட்டாள். அம்மாவிடமே வேலை கற்றுக்கொண்ட சின்ன நர்ஸ் ஒருத்தி பொம்மையின் நெற்றியைத் தடவி "ராஜா, தங்கம்" என்று கொஞ்சித் தேறிவிட்டாள்.

"பொம்மை கிட்ட என்னத்தப் பேசறது?" என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அப்பாவிடம் கேட்டாள். கேட்டுவிட்டுத் தட்டை அப்படியே தள்ளிவைத்தாள். பொது வார்டிலேயே வருஷக் கணக்காக நின்று கால் வீங்கியவள் அவள். அந்தப் புது வார்டின் மேல் அவளுக்கு இருந்த ஆசை எனக்கே தெரியும். இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு என்று சொல்லியிருந்தார்கள்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் தலையணைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அம்மா கதவைச் சாத்திக்கொண்டு அதனோடு பேசுவாள். "ஹலோ செல்லம், நான்தான் உன் நர்ஸ். இப்போ கையில ஒரு சின்ன குத்து குத்தப் போறேன், சரியா கண்ணு?" இதையே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குரலில் சொல்வாள். எந்தக் குரலும் அவளுடையதாக இல்லை. ஒருநாள் அப்பா கதவைத் திறந்து, "தலையணைக்கு டெம்பரேச்சர் எவ்ளோ?" என்று கேட்டார். அந்த வாரம் முழுக்க அவருக்குத் தலையணை கிடைக்கவில்லை.

இரண்டாவது பயிற்சி பேச்சைப் பற்றியது என்பதால் பொம்மை போதாது, நிஜப் பிள்ளைகளே வேண்டும் என்று பயிற்சி நடத்திய டாக்டரம்மா சொல்லிவிட்டார். நோய் இல்லாமலே நோயாளியாக நடிக்க வேண்டும். தன் மகனையே கூட்டி வருவதாகச் சொன்னார். இன்னும் ஒரு பிள்ளை தேவைப்பட்டது. அம்மா வாயே திறக்கவில்லை. எங்களோடு இருந்த சித்திதான், அதாவது அம்மாவின் தங்கைதான், விஷயத்தைக் கேள்விப்பட்டதும் குதித்தாள்.

"வயித்து வலிக்கு ஊரெல்லாம் ஆள் தேடறீங்களே, நம்ம வீட்லயே சர்டிபிகேட் இல்லாத எக்ஸ்பர்ட் இருக்காளே அக்கா!"

சித்தி வேலூர் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் சத்திரக்காரன் மனைவியாக வந்து, இடமில்லை என்று கத்துகிற கத்தலில் மேரி வேஷம் போட்ட பெண்ணை நிஜமாகவே அழவைப்பவள். பிள்ளையின் தாயாக நடிக்கவும் ஆள் வேண்டும் என்றதும் அதையும் தானே எடுத்துக்கொண்டாள். இத்தனை நாளும் எந்தக் காரியத்துக்காக நான் திட்டு வாங்கினேனோ, அதே காரியத்துக்காக அம்மா லீவு லெட்டர் எழுதி என் பள்ளிக்கூடத்தில் கொடுத்தாள். எழுதும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் நன்றாகவே பேசுவார். என்னைப் பார்த்ததும், "பா புட்டி, இல்லி பா" என்று பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். சின்னப் பெண்ணைக் கன்னடத்தில் புட்டி என்றுதான் கொஞ்சுவார்கள். சித்தி வேலூரில் வளர்ந்தவள், பெங்களூருக்குப் புதிது. "நல்ல பொண்ணப் போயி பாட்டில்ன்றாங்களே" என்று என் காதில் முணுமுணுத்தாள்.

கதை இதுதான். நான் விளையாட்டுச் சாமானில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி ஒன்றை விழுங்கிவிட்டேன். வீட்டில் அடி விழும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. வயிறு வலிக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவுக்கு, அதாவது சித்திக்கு, ஒன்றுமே தெரியாது. அந்த மாதிரி பேட்டரி உள்ளேயே இருந்தால் குடலை அரித்துவிடுமாம், அதனால் நேரம் முடிந்து மணி அடிப்பதற்குள் என் வாயிலிருந்து உண்மையை வரவழைக்க வேண்டும். மிரட்டினால் நான் சொல்லக் கூடாது. சித்தி எதிரே கேட்டாலும் சொல்லக் கூடாது. தனியாக, தன்மையாக, திட்டமாட்டோம் என்று உறுதி கொடுத்துக் கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும்.

"கதையில இல்லாத கேள்வி கேட்டா என்ன பண்றது ஆன்ட்டி?" என்று கேட்டேன்.

"குட் கொஸ்டின்! அப்போ உன்னோட நிஜத்தையே சொல்லிடு புட்டி" என்றார்.

பயிற்சி நாளன்று டாக்டரம்மாவின் மகன்தான் முதலில் கவிழ்ந்தான். நர்ஸ் உள்ளே வந்து கதவைக்கூடச் சாத்தவில்லை, "ஆன்ட்டி, நான் பேட்டரி முழுங்கிட்டேன்" என்றான். அடுத்தவர் வந்தபோதும் அதையேதான் சொன்னான். பொய் சொல்லவே தெரியாத பிள்ளை. அவனைக் கேண்டீனுக்கு அனுப்பிவிட்டு, மொத்தப் பொறுப்பையும் என்மேல் போட்டார்கள். இதில் ஒரு சிக்கல் வந்தது. அம்மாவின் முறை அவனோடு என்றுதான் முதலில் எழுதியிருந்தார்கள். இப்போது அவளும் என்னிடம்தான் வர வேண்டும். டாக்டரம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பரவாயில்லை, ரெண்டு பேரும் முன்னே பின்னே தெரியாத மாதிரி இருங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் ஒவ்வொருவராக வீழ்த்தினேன். ஓர் இளம் டாக்டர் சித்தியை வைத்துக்கொண்டே, "எதுவும் முழுங்கலதானே?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஒரு நர்ஸ், "பொய் சொன்னா பெரிய ஊசி போடுவேன்" என்றாள். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ தலையில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. தேறியவர்களும் இருந்தார்கள். சித்திதான் நேரம் ஆக ஆகக் கதையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். எழுதிக் கொடுக்காத ஒரு மாமியாரை உள்ளே கொண்டுவந்து அவளையும் திட்டினாள்.

கடைசியாகக் கதவு திறந்து அம்மா வந்தாள். காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டவள், என்னைப் பார்த்து, "ஹலோ செல்லம், நான்தான் உன் நர்ஸ். உன் பேர் என்ன?" என்றாள். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து அதை வலியாக மாற்றிவிட்டேன்.

"பாருங்க சிஸ்டர், எல்லாம் இவ அப்பாவால வந்தது" என்று சித்தி ஆரம்பித்தாள். "சும்மா இருக்கற மனுஷன் இல்ல அது. டிவி பாக்கும், தூங்கும். பிள்ளைய கவனிக்கறதே இல்ல." அம்மாவின் தாடை இறுகியது. சித்தி அப்பாவோடு தனக்கு இருந்த பழைய கணக்கை இங்கே தீர்த்துக்கொள்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. ஆனால் அம்மா, "நீங்க கவுண்டர்ல பேர் பதிஞ்சிட்டு வாங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று தங்கையின் முதுகில் கைவைத்து, கொஞ்சம் அழுத்தமாகவே, வெளியே அனுப்பினாள்.

பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டுக் கட்டிலைவிடத் தாழ்வாக உட்கார்ந்தாள். எங்கே வலிக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். விரலால் அழுத்தவில்லை, உள்ளங்கையை வைத்தாள். அது கதகதப்பாக இருந்தது. "இதுக்கு முன்னாடி இப்படி வலிச்சிருக்கா? எப்பப்பல்லாம் வலிக்கும்?" என்று கேட்டாள்.

இது கதையில் இல்லை. டாக்டரம்மா சொன்னபடி என் நிஜத்தை யோசித்துப் பார்த்தேன்.

"சில வாரம் செவ்வாக்கிழமை. சில வாரம் வியாழக்கிழமை. மாறிக்கிட்டே இருக்கும்."

"அன்னைக்கு ஸ்கூல்ல டெஸ்ட் இருக்குமா?"

"இல்ல. எங்கம்மாவுக்கு ஆஃப் இருக்கும்."

"மத்த நாள்ல வலிக்காதா?"

"மத்த நாள்ல வலிச்சா யாருகிட்ட சொல்றது?" என்றேன். இவ்வளவு சுலபமான விஷயம்கூடத் தெரியாத நர்ஸாக இருக்கிறாரே என்று எனக்கு இருந்தது.

அம்மா ஒன்றும் பேசவில்லை. கை என் வயிற்றின் மேலேயே இருந்தது. கேள்வியை மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். மணி அடித்துவிடுமே, இவள் தோற்றுவிடுவாளே, மறுபடியும் தட்டைத் தள்ளிவைப்பாளே என்று பதறினேன். வெளியே சித்தி பேர் பதிந்து முடித்துவிட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்திருந்தாள். உதவி செய்யலாம் என்று, "நீங்க திட்ட மாட்டேன்னு சொல்லணும்" என்று கிசுகிசுத்தேன்.

"திட்ட மாட்டேன் கண்ணு" என்றாள். அது தலையணையிடம் பேசிய எந்தக் குரலும் இல்லை. "எதுன்னாலும் சொல்லு. சத்தியமா திட்ட மாட்டேன். எதையாவது முழுங்கிட்டியா?"

சொன்னேன். அவள் சட்டென்று எழுந்து, "குழந்தை பேட்டரி முழுங்கியிருக்கா. உடனே எக்ஸ்ரே சொல்லுங்க, சர்ஜனைக் கூப்பிடுங்க" என்று குரல் கொடுத்தாள். அதன் பின்புதான் மணி அடித்தது.

எல்லாரும் உட்கார்ந்து பேசியபோது டாக்டரம்மா அம்மாவைத் தனியாகப் பாராட்டினார். கேள்விகளுக்கு நடுவில் அவசரப்படாமல் அம்மா காத்த அந்த மௌனம் இருக்கிறதே, அதுதான் பிள்ளையின் வாயைத் திறந்தது, எல்லாரும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். சின்ன நர்ஸ் அதை எழுதிக்கொண்டாள். அம்மா தலை நிமிரவே இல்லை. கண்கூடக் கலங்கியிருந்தது. அடேயப்பா, அம்மாவுக்கும் நடிக்கத் தெரியும் போலிருக்கிறதே என்று நான் அசந்துபோனேன். நம் குடும்பத்திலேயே அது இருக்கிறது என்று சித்தி ஆட்டோவில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அம்மாவுக்குப் புது வார்டு கிடைத்தது. அவள் நினைத்ததைவிட வேலை அதிகம், ஆஃப் கிடைப்பது அபூர்வம். எனக்கும் புகழினால் ஒரு நஷ்டம் ஏற்பட்டது. ஆஸ்பத்திரியே கைதட்டிய நடிகையின் வயிற்றுவலியை இனி யார் நம்புவார்கள்? எனவே அந்தத் தொழிலை நான் விட்டுவிட்டேன்.

மாதங்கள் கழித்து ஒரு புதன்கிழமை அம்மா வீட்டில் இருந்தாள். நான் யூனிஃபார்ம், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு தயாராக நின்றேன். கீழே வேன் ஹாரன் அடித்தது. அம்மா சாப்பாட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொடுக்காமல் நின்றாள்.

"வயிறு கியிறு வலிக்குதா?" என்று கேட்டாள்.

"இல்லையே."

"நல்லா யோசிச்சுப் பாரு. லேசாக்கூட இல்லையா?"

இவள் என்னை மாட்டிவிடப் பார்க்கிறாள், ஆம் என்றால் பிடித்துக்கொள்வாள் என்று எனக்குத் தோன்றியது. "இல்லம்மா, நல்லா இருக்கேன்" என்று சொல்லி, டப்பாவை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினேன். வேன் திரும்பும்போது பார்த்தால், அம்மா மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவளிடம் ஏமாறாமல் தப்பித்துவிட்ட பெருமையில் நான் அவளுக்குக் கையாட்டினேன். ஒரு நாள் என்னோடு இருந்துகொள்ள அவள் என்னிடம்தான் லீவு கேட்டு நின்றாள் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.