கல்லுக் குவியலில் மாமாவுக்குத் தாகம்

என் அத்தை மகன் வடக்கு இங்கிலாந்தில் வேலை பார்க்கிறார். வாராவாரம் ஒரு மலை ஏறிப் படம் போடுவார். மரமே இல்லாத பச்சை மலை, எருமை முதுகு மாதிரி நீண்டு கிடக்கும் முகடு, இரண்டு பக்கமும் சரிவு, மேலே மூடுபனி. அழகுதான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் எங்கள் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையை நான் படம் போட்டபோது, அதற்குக் கீழே, "இதெல்லாம் மலையா? யாரோ கல்லைக் கொட்டி வெச்ச மாதிரி இருக்குது" என்று கமென்ட் போட்டார். சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள்.

நான் மறக்கவில்லை.

லீவில் செஞ்சிக்கு வந்தவர் இன்று, "வா, உன் கல்லுக் குவியலைப் பாத்துட்டு வரலாம்" என்றார். உச்சி வெயில். உள்ளூர்க்காரர்கள் யாரும் அந்நேரத்தில் ஏற மாட்டோம்.

"போலாமே மாமா" என்றேன்.

இங்கிலாந்து மலை முகட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட பழக்கம் அவருக்கு. பாதி வழியில் படியில் உட்கார்ந்து பிஸ்கட்டைப் பிரித்தார். குரங்குகளுக்குப் பயந்து நாங்கள் இங்கே தின்பண்டத்தை வெளியே எடுப்பதே இல்லை. சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பிஸ்கட் போனது. தண்ணீர் பாட்டிலோடு பையும் போனது.

"தண்ணி வெச்சிருக்கியாடி?"

வைத்திருந்தேன். கொடுப்பதற்கு முன் போனில் வீடியோவை ஆன் செய்தேன்.

"இன்னா மாமா, இது மலையா, கல்லுக் குவியலா?"

"மலைதான் தாயே! தண்ணியக் குடு."

அந்த வீடியோவை அவருடைய பழைய கமென்ட்டுக்குப் பதிலாகப் போட்டிருக்கிறேன். மாமா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். அவர் எழுந்து பார்ப்பதற்குள் எல்லோரும் லைக் போட்டு முடியுங்கள்.