பஸ்ராவுக்குப் போனவரின் சட்டை

ஜெர்மன் சண்டையின் கடைசி வருஷம். ரங்கூன் அரிசிக் கப்பல் நின்றுபோய், ராயபுரத்தில் காசு கொடுத்தாலும் அரிசி கிடைக்கவில்லை. நான் திருவொற்றியூரில் ஒரு கடலைக் கிடங்கில் பெண்களுக்கு மேஸ்திரி. கிடங்கின் பின்னால் சும்மா கிடந்த மணல் நிலத்தைக் கிடங்குத் துரை எங்களிடம் விட்டு, பயிர் வைத்துப் பிழைத்துக்கொள்ளுங்கள் என்றார். மூட்டை ஏற்றி இறக்கத் தெரிந்தவளுக்கு விவசாயம் பெரிய காரியமா என்று நானே தலைமை ஏற்றேன். வாய்க்கொழுப்பு.

கேழ்வரகு நன்றாகவே வந்தது. கதிர் பால் பிடித்ததும் குருவிகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. வைக்கோல் பொம்மை கட்டச் சொன்னேன். துணி விற்ற விலையில் கந்தல்கூட யாரிடமும் இல்லை. சண்டைக்குக் கூலிகளாகக் கப்பலேறிய ஆண்களின் சட்டைகள்தான் வீடுகளில் தொங்கின. "எடுத்தாங்கடி" என்றேன். முதலில் மாட்டியது என் புருஷன் சட்டையை. அவர் பஸ்ராவுக்குப் போய் எட்டு மாதமாகக் கடுதாசி இல்லை.

மறுநாள் உச்சிவேளையில் போய்ப் பார்த்தால், மற்ற பொம்மைகளின் தலையிலேயே குருவிகள் உட்கார்ந்திருந்தன. அவர் சட்டை போட்ட பொம்மையின் மேல் மட்டும் காக்கைகள். தோளிலும் கையிலும் வரிசையாக. கத்தவில்லை, கதிரைத் தொடவில்லை. நாலைந்து நாளில் நிலத்தில் எங்குமே குருவி இல்லை.

செத்தவர்கள் காக்கையாக வருவார்கள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கைக்குழந்தைக்காரி ஒருத்திதான் பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "உசுரோட கீற ஆம்பள சட்டைய வைக்கோலுக்கு மாட்டுவாங்களாக்கா? கயட்டிடுக்கா."

"போடி, வேலையப் பாரு" என்றேன். ஆனால் அன்றே கழற்றினேன். காக்கைகள் ஒன்றாக எழும்பிப் போயின. அரை நாழிகை ஆகவில்லை, எங்கிருந்தோ குருவிகள் வந்து கொட்டின. பெண்கள் முந்தானையை வீசிக்கொண்டு ஓடினார்கள், தகரம் தட்டினார்கள். ஒன்றும் எடுபடவில்லை. பிறகு ஒவ்வொருத்தியாக நின்று என்னைப் பார்த்தார்கள். கழற்றச் சொன்னவளும் பார்த்தாள்.

நானே மறுபடி மாட்டினேன். பித்தானைக்கூடப் போட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே காக்கைகள் திரும்பி வந்தன.

கிடங்குப் பெண்கள் இருபது பேர் வீட்டுக்கும் கேழ்வரகு கிடைத்தது. சண்டை முடிந்து கப்பல்கள் வந்தன. அவர் வரவில்லை, செத்துப்போனார் என்று ஒரு தாளும் வரவில்லை. அவர் உயிர் போனது நான் சட்டையை மாட்டுவதற்கு முன்பா, பிறகா என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். அறுவடையன்று கூழ் காய்ச்சியபோது அந்தக் கேள்வியே எனக்கு வரவில்லை. அவ்வளவு பசி. மூன்று கும்பா குடித்தேன். ருசியாக இருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.